சோற்று ரயரும் பட்டினி ரயரும்

"கார் எங்கே?" என்று அந்தச் சிப்பாய் சிங்களத்தில் கேட்டான்.

வவுனியாச் சோதனைச் சாவடியின் மேசைக்கு முன்னால் என் பொதிகள் கிடந்தன: நான்கு புதிய கார் ரயர்கள், அவற்றுக்கான ரியூப்புகள், ஒரு காற்றுப் பம்பு. கார் வட்டக்கச்சியில் நிற்கிறது என்றேன். அப்படியானால் இவ்வளவு காலமும் அது எதில் ஓடியது என்றான். வைக்கோலில் என்றேன். நான் பகடி விடுகிறேன் என்று எண்ணி அவன் அதிகாரியை அழைத்தான். அதிகாரி என் அனுமதிப் பத்திரத்தை நிதானமாக வாசித்து முடித்துவிட்டுத் தன் மொழியில் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது: "போக விடு. வைக்கோலைக் கார் தின்றால் அந்த ஊரில் மாடு எதைத் தின்கிறது என்று மட்டும் கேட்டு வை."

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம் அது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன, வன்னிக்குள் கொண்டுபோகக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பொருட்களில் சில, நெடுங்காலத்தின் பின், போகலாம் என்று ஆகியிருந்தன. ஸ்கொட்லாந்தின் கடலோர நகரமொன்றில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அந்த இடைவெளியில் புறப்பட்டேன். என் மனைவி முந்திய இலையுதிர் காலத்தில் காலமாகியிருந்தாள். அவளுடைய ஒரே தங்கை பவளம் வட்டக்கச்சியில் மருத்துவமாது. பிள்ளைப்பேறு சிக்கலாகும் பெண்களைக் கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கு அவளிடம் இருந்தது, தகப்பன் விட்டுச்சென்ற பழைய 'ஏ ஃபோட்டி' கார். நோயின் கடைசி வாரங்களில் என் மனைவி தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பவளத்தின் காருக்கு ரயர் கிடைத்ததா என்று மட்டும் இரண்டொரு தடவை கேட்டாள். ஆகவே ரயர் கொண்டுபோனேன்.

புறப்படுமுன் எங்கள் நகரத்துக் கராஜ்காரரிடம் ரயர் அளவை விசாரித்தபோது, அவர் எனக்கொரு புதினச் செய்தி சொன்னார். காற்று முழுதும் இறங்கினாலும் ஓடக்கூடிய ரயர் இப்போது வந்துவிட்டதாம். பணக்காரர்களின் கார்களுக்கு மட்டுமாம். எங்கள் ஆட்களிடம் அது சில வருடங்களாகவே இருக்கிறது என்றேன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று அவர் ஆவலோடு கேட்டார். "வயல்" என்று தமிழிலேயே சொன்னேன். அப்படியொரு நிறுவனத்தை அவர் கேள்விப்பட்டதில்லை.

இரு தரப்புக் காவலரண்களுக்கும் இடையே கிடந்த சூனியப் பிரதேசத்தைச் சைக்கிளில் கடந்தோம். கூலிக்கு வந்த இருவர் ஆளுக்கு இரண்டு ரயர்களை மாலைபோல் கழுத்தில் மாட்டிக்கொண்டு மிதித்தார்கள்; நான் ஒருவரின் பின் கரியரில் பம்பை அணைத்தபடி இருந்தேன். எதிரே வந்த ஒரு மனிதர் சைக்கிளை நிறுத்திக் காலூன்றினார்.

"என்ன மாப்பிளை, மாலை பெரிசாய்க் கிடக்கு. பொம்பிளை எங்கை?"

"பொம்பிளை ஓமந்தையிலை மண்ணெண்ணெய் குடிச்சுக்கொண்டு நிக்கிறா" என்றான் முன்னால் போனவன், மிதிப்பதை நிறுத்தாமல்.

அவன் சொன்னது உண்மை. ஓமந்தையில் பவளத்தின் சாரதி நடராசா காருடன் காத்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர், மெலிந்த உடல், பேசும்போது எதிராளியின் முகத்தைப் பாராமல் வண்டியையே பார்ப்பவர். அந்நாட்களில் வன்னியின் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. இயந்திரத்தை எழுப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அதை நடராசா குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் வைத்திருந்தார். மூடியைத் திறந்து, இயந்திரத்தின் வாயில் சூப்பியை வைத்துப் பிதுக்கியபோது அவர் முகத்தில் ஒரு தாயின் கவனம் இருந்தது. கார் செருமி, இருமி, வெண்புகை விட்டுக் கிளம்பியது.

அந்தக் காரின் சக்கரங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ரியூப்புக்குப் பதிலாக, வைக்கோலைப் புரியாகத் திரித்துச் சில்லைச் சுற்றி அடுக்கி, நீர் தெளித்து, உலக்கையால் இடித்து இறுக்கி, மேலே பழைய ரயரை நெம்பி ஏற்றியிருந்தார்கள். முள்ளும் ஆணியும் அவற்றை எதுவும் செய்யமுடியாது. சனங்கள் அதற்கு இட்ட பெயர் 'சோத்து ரயர்': வயிறு நிறையக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்ட ரயர். அதனால் காற்று ரயருக்குப் 'பட்டினி ரயர்' என்று தானாகவே பெயர் வந்துவிட்டது. தடைகளுக்குள் வாழ்ந்த மக்கள் தங்கள் பசியிலிருந்தே இப்படியொரு கலைச்சொல் தொகுதியை ஆக்கிக்கொண்டது எனக்குப் பெரும் மதிப்பைத் தந்தது. மதிப்பு ஒருபுறமிருக்க, முதுகு வேறு கதை சொன்னது. ஸ்கொட்லாந்தில் நான் பாதையைக் கண்ணால் பார்த்துப் போனவன். இங்கே முள்ளந்தண்டால் வாசித்தேன். கனகராயன்குளம் வருவதற்குள் என் மூக்குக்கண்ணாடி இரண்டு தடவை மடியில் விழுந்தது.

"பழகியிடும் ஐயா" என்றார் நடராசா. "முதல் வருசம் எனக்கும் பல்லுக் கொதிச்சது. இப்ப இந்தக் குலுக்கம் இல்லாட்டி நித்திரை வந்திடும்."

அன்று இரவுச் சாப்பாடு சிவப்பரிசிச் சோறு, இரணைமடுக் குளத்து மீன்குழம்பு, முருங்கையிலை வறை, மண்சட்டியில் எருமைத் தயிர். பவளம் மீன்தலையை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். எங்கள் வீட்டில் அது என் மனைவியின் பங்கு. அதைப் பவளமும் அறிவாள். நாங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. ரயரைப் பற்றிப் பேசினோம்.

நடராசாவும் எங்களோடுதான் குசினி அடுப்படியில் அமர்ந்து சாப்பிட்டார். புதிய ரயர்களை அவர் மரியாதையோடு தடவிப் பார்த்திருந்தார். ஆனால் பூட்டச் சம்மதிக்கவில்லை. மருத்துவமாதை ஊரார் அழைப்பதுபோல அவரும் பவளத்தை 'மிஸி' என்றுதான் அழைப்பார்.

"மிஸி, நான் ஐயாவிலை பிழை சொல்லேல்லை. அருமையான சாமான். ஆனால் இந்தக் காட்டுக்குள்ளை காத்தை நம்பிப் போறதோ? ஒரு உடைமுள்ளே போதும். மேலதிகச் சில்லும் எங்களிட்டை இல்லை. நடுக்காட்டிலை காத்துப் போனால் தாயும் பிள்ளையும் நாங்களும் அங்கைதான் நிக்கவேணும். சோத்து ரயர் குலுக்கும், ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கும்."

"ஆரைச் சேர்த்தது?" என்று பவளம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "போன மாரியிலை பிள்ளை பிறக்க முதலே இரத்தம் போன அந்தத் தாயைச் சேர்த்ததோ? குலுக்கத்தாலைதான் செத்தவா எண்டு நான் சொல்லமாட்டன், நடராசண்ணை. குலுக்காமல் கொண்டுபோயிருந்தால் எண்டு மட்டும்தான் கேக்கிறன்."

நடராசா எடுத்த கவளத்தைக் கோப்பையிலேயே திரும்ப வைத்தார். பிறகு, "எனக்கு மறுமொழி தெரியாது" என்றார். "தெரிஞ்சிருந்தால் நான் கதைச்சிருக்க மாட்டன்."

ஒரு பக்கம் மெதுவாகக் கொல்லக்கூடிய உறுதி. மறுபக்கம் இடைவழியில் கைவிடக்கூடிய மென்மை. இதில் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு அந்த இருவருடையது. கடைசியில் பவளம் சொன்னாள்: "பூட்டிப் பாப்பம். முதல் தாயைக் குலுக்காமல் கொண்டுபோவம்."

மறுநாள் காலை வீட்டு வளவில் ரயர் மாற்றும் வேலை நடந்தது. உள்ளிருந்த பழைய வைக்கோல் தேயிலைத் தூள்போலக் கறுத்து உதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பசு வந்து முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. சாவடி அதிகாரியின் கேள்விக்கு அது என் சார்பில் தந்த பதிலாகக் கொண்டேன். பழைய ரயர்களை நடராசா எறியவில்லை. கழுவிக் காயவைத்துக் குசினிப் பின்சுவரில் சாத்தினார். நெம்புகோல்களாகப் பயன்பட்ட உடைந்த வில்லுத் தகடுகளைக் காரின் பின்பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

புதிய ரயரில் வட்டக்கச்சிச் சந்தி வரை ஒரு வெள்ளோட்டம் விட்டோம். கார் மிதந்து சென்றது. பவளம் பின் ஆசனத்தில் கண்களை மூடிக்கொண்டு இருந்தாள். படுத்திருக்கும் ஒரு பெண்ணின் உடலைக் கொண்டு அவள் பாதையை அளந்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நடராசாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"ஸ்ரேறிங் கையிலை நிக்குதில்லை ஐயா. வழுக்குது. காரைப் பிடிச்சிருக்கிறனோ காத்தைப் பிடிச்சிருக்கிறனோ தெரியேல்லை."

இரண்டு நாள் கழித்து, முற்பகல் வேளையில், ஜெயபுரத்திலிருந்து ஒருவன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சிவலிங்கம் என்று பெயர். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் மனைவி லெட்சுமிக்குத் தலைப்பிள்ளை. இன்னும் நோவு தொடங்கவில்லை. காலையிலிருந்து இரத்தம் கசிகிறது என்றான். பவளம் இரண்டே கேள்விகள் கேட்டாள். பிறகு வெள்ளைத் துவாய்களை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். "அத்தான், நீங்களும் வாங்கோ. தூக்க ஒரு ஆள் உதவும்" என்றாள்.

சிவலிங்கத்தையும் ஏற்றி, அவன் சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு போனோம்; போகும்போது எந்தச் சிக்கலும் இல்லை. அக்கராயன் கடந்து செம்மண் பாதையில் போய் ஜெயபுரத்தை அடைந்தபோது லெட்சுமி சுவர் ஓரமாகப் பாயில் கிடந்தாள். வெளிறிய, மிகவும் இளமையான முகம். அவளைப் பின் ஆசனத்தில் கிடத்தி, கால்மாட்டில் பவளம் ஒடுங்கி அமர்ந்தாள். சிவலிங்கம் சைக்கிளில் பின்னால் வருவதாகச் சொன்னான். நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகத்தான் ஓட்டவேண்டும் என்பது பவளத்தின் கட்டளை. சைக்கிள் எங்களைத் தவறவிட வாய்ப்பில்லை.

லெட்சுமி ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அம்மா, இது காருங்களா? ஆடவே இல்லீங்களே" என்றாள்.

"ஓம் பிள்ளை, பெரியாக்களின்ரை கார். கதையாமல் கிட" என்றாள் பவளம்.

பாதி வழிக்கு மேல் வந்திருப்போம். நடராசாவின் முகம் மலர்ந்தது. "இப்பதான் ஐயா கைக்கு வந்திருக்கு" என்றார். "ஸ்ரேறிங் இப்பதான் இறுகி ஒழுங்காய் நிக்குது. புது ரயர் பழகுப்பட்டிட்டுது." எனக்கும் முன்பக்கம் சற்றுக் குலுங்குவதாகத் தோன்றியது; பாதை மோசமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். பின்னால் சிவலிங்கம் ஏதோ கத்தினான். "பாவம், பெடியன் பயத்திலை கத்துறான்" என்றார் நடராசா. அவன் மூச்சைப் பிடித்து மிதித்து எங்களை முந்தி வந்து, சைக்கிளைப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டு நின்றான்.

"காத்து போயிருச்சுங்க ஐயா! அப்பவே போயிருச்சுங்க! எவ்வளவு நேரமா கத்துறேன்!"

இறங்கிப் பார்த்தோம். முன் இடது ரயர் தட்டையாகி, ரியூப் உள்ளே அரைபட்டு, கறுப்பு நாடாவாகக் கிழிந்து வெளியே தொங்கியது. ஒட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. உலகத்தில் வேறெந்தச் சாரதியும் காற்றுப் போனதை உடனே உணர்ந்திருப்பான். வருடக்கணக்காகச் சோற்று ரயரில் ஓட்டியவருக்கு, காற்றுப் போன சில்லுத்தான் சரியான சில்லு. நடராசா தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"மிஸி, நான்தானே சொன்னனான்..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

பவளம் துவாயை மாற்றினாள். மாற்றிய துவாயைச் சுருட்டி எங்கள் கண்ணில் படாமல் வைத்தாள். "அண்ணை, பிழை பிறகு பாப்பம். இந்தப் பிள்ளைக்கு நேரம் இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கோ."

நடராசா எழுந்து நாற்புறமும் பார்த்தார். பாதைக்கு ஒரு பக்கம் காடு; மறுபக்கம் அக்கராயன் குளத்தின் கீழ் வயல்கள். காலபோக நெல்லின் அரிவு வெட்டு முடியும் தறுவாய். சூடடித்த களத்தில் பனையுயரத்துக்கு வைக்கோல் குவிந்து கிடந்தது. அதன் நிழலில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்கு வந்த ஜெயபுரத்துச் சனம்.

"பெருமாளண்ணே!" என்று சிவலிங்கம் குரல் கொடுத்தான். "நம்ம லெட்சுமிங்க! வண்டி நின்னுருச்சு!"

அதற்குப் பின் நடந்ததை நான் ஒழுங்காக விவரிக்க முடியுமோ தெரியவில்லை. பெண்கள் களத்திலேயே புரி திரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி வைக்கோலை ஊட்ட, மற்றவள் முறுக்கிக்கொண்டே பின்னால் நடக்க, புரிகள் பாதையை நோக்கி நீண்டு வந்தன. நடராசா பின்பெட்டியைத் திறந்து வில்லுத் தகடுகளை எடுத்தார். ஜாக்கி பழுதானது, பல காலமாகவே வேலை செய்வதில்லை.

"தூக்கிடலாம்" என்றார் பெருமாள். நரைத்த மீசை, இடுப்பில் அரிவாள். காருக்குள் எட்டிப் பார்த்தார். "புள்ளய எறக்கணுமாம்மா?"

"இறக்கேலாது" என்றாள் பவளம். "சரியவும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் உயர்ந்தால் உருளுவா."

பெருமாள் தன் ஆட்களை வரிசைப்படுத்தினார். அவர்கள் எல்லோரும் ஜெயபுரத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மன் வாகனம் சுமப்பவர்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். தோளில் சாமி இருக்கும்போது ஒருவன் முந்தியும் ஒருவன் பிந்தியும் எழமுடியாது.

"கையக் குடு. மூச்ச வாங்கு. நான் சொன்னாத்தான். டேய் கருப்பையா, நீ நெட்ட, முட்டிய மடக்கு. உள்ள ஆத்தா படுத்திருக்கா, தேர்னு நெனச்சுக்க. ஆட்டுன, அப்புறம் ஒனக்குக் கஞ்சி கெடையாது. ம்... ஏந்து!"

காரின் முன்பக்கம் முழுதும் ஒரே மட்டத்தில், நீரில் எழும் தோணிபோல, எழுந்தது. மரக்குற்றிகள் உள்ளே போயின. பவளத்தின் கை லெட்சுமியின் வயிற்றில் இருந்தது. அவள் தலையை அசைத்தாள்: சரி.

சில்லைக் கழற்றி ரயரைப் பிரித்துப் புரியைச் சுற்றினார்கள். உலக்கை இல்லாததால் மண்வெட்டிப் பிடிகளால் இடித்தார்கள். நானும் இடித்தேன். ஒரு பெண் குடத்திலிருந்து நீர் தெளித்துக்கொண்டே, "ஐயா, காத்த அடிக்காம சோத்த அடிங்க, சோத்த" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்தபடியே இடித்தார்கள். நடராசா மட்டும் சிரிக்கவில்லை. கடைசிப் புரியைத் தானே திணித்து, ரயரின் விளிம்பை நெம்பி ஏற்றி, உள்ளங்கையால் அறைந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆட்கள் மீண்டும் ஏந்தினார்கள். குற்றிகளை இழுத்தார்கள். பெருமாள் ஒரு சிரட்டையில் சாயத்தண்ணியை என்னிடம் நீட்டி, "குடிச்சிட்டு ஏறுங்க சாமி" என்றார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த அந்தத் தேநீருக்கு ஈடான ஒன்றை நான் வேறெங்கும் அருந்தியதில்லை.

புறப்பட்டோம். முன்னால் என் பக்கம் குலுங்கியது. பின் ஆசனம் குலுங்கவில்லை. அதை முதலில் கவனித்தவள் பவளம். "அத்தான், உங்களுக்குக் குலுக்குதோ?" என்றாள். நன்றாக என்றேன். "எங்களுக்கு இல்லை" என்றாள்.

கிளிநொச்சி வைத்தியசாலை வாசலில் தள்ளுவண்டியோடு ஓடிவந்த ஊழியர் லெட்சுமியை ஏற்றும்போதே காரை ஒரு பார்வை பார்த்தார். "என்ன மிஸி, உங்கடை கார் ஒரு காலுக்குச் செருப்பும் மற்றக் காலுக்குச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்திருக்கு?"

"வந்திட்டுதெல்லே?" என்றாள் பவளம்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் வெளியே நானும் நடராசாவும் சிவலிங்கமும் நீண்ட மர வாங்கில் அமர்ந்திருந்தோம். அத்தகைய வாங்குகளில் நான், ஸ்கொட்லாந்தில், அண்மையில் நெடுநேரம் இருந்தவன். அங்கே கதவு திறந்தபோது வெளியே வந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். இங்கே கதவு திறந்தபோது வந்தவள் பவளம். கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "பொம்பிளைப் பிள்ளை" என்றாள். "தாய் சுகம். ஆரேனும் இரத்தம் குடுக்கவேணும்." சிவலிங்கத்துக்கு முன்பே நடராசா சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த நாள் வளவில் மீண்டும் ரயர் வேலை. இம்முறை வாதம் எதுவும் நிகழவில்லை. முன் வலது சில்லிலிருந்தும் காற்று ரயரைக் கழற்றி, இரண்டு முன் சில்லுகளுக்கும் பழைய சோற்று ரயர்களையே புது வைக்கோல் அடைத்து ஏற்றினார்கள். முள்ளை முதலில் மிதிப்பது முன் சில்லு. தாய் படுத்திருப்பது பின் சில்லின் மேல். மிஞ்சிய ரியூப்பு பின்பக்கத்துக்குச் சேமிப்பாயிற்று. "முன்னுக்குச் சோறு, பின்னுக்குக் காத்து" என்று நடராசா அறிவித்தார், சட்டமொன்றை நிறைவேற்றியவர்போல. அங்கே ஆய்வுகூடங்களில் பல வருடம் முயன்று பணக்காரர்களுக்காகச் செய்த ஒன்றை, இங்கே ஒரு மருத்துவமாதும் சாரதியும் அரிவு வெட்டுக்காரரும் ஒரு பிற்பகலில் ஏழைத் தாய்மாருக்காகச் செய்து முடித்திருந்தார்கள். என் வாழ்நாளில் மாணவர்கள் பலரின் பட்டமளிப்பு விழாக்களில் நான் இருந்திருக்கிறேன். இவ்வளவு பெருமையோடு இருந்ததில்லை.

நான் புறப்படும் நாள் வந்தது. நடராசா சூப்பிப் போத்தலால் காரை எழுப்பிவிட்டுக் காத்திருந்தார். விருந்தாளி என்ற வழக்கத்தில் பின் கதவைத் திறந்தேன். ஆசனத்தில் பவளம் தோய்த்து உலர்த்திய வெள்ளை விரிப்பொன்று நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஐயா, அது தாய்மாருக்கு" என்றார் நடராசா. "நீங்கள் முன்னுக்கு வாங்கோ."

"ரயர் கொண்டுவந்த மனிசனண்ணை அவர்" என்றாள் பவளம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அதுக்கு? ஐயாவுக்கு வயித்திலை பிள்ளையோ?"

பவளம் சிரித்துவிட்டாள். நான் வந்த பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டேன், அக்காவின் சிரிப்பு. நான் பின் கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டேன்.

முறிகண்டி வரை பாதை படுமோசம். என் பற்கள் கிட்டின. மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு பெரும் பள்ளத்தில் விழுந்தெழுந்தபோது, இருவரும் ஒரே வேளையில் திரும்பிப் பின்னால் பார்த்தோம். அந்த விரிப்பு மடிப்புக் குலையாமல் இருந்தது.